முழு செட் 300 டொலர்

நவம்பர் பிறந்ததும் எங்கள் உறவுக்காரரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்துவிடும். யாரோ ஒருவருடைய கராஜ் சுவரில் சாத்திவைத்த ஸ்நோபோர்ட் பலகை, அதில் பூட்டியபடியே காலைப் பிடிக்கிற பைண்டிங், கீழே நாடா அவிழ்ந்து நாக்கு வெளியே தள்ளிய பூட்ஸ் ஒரு சோடி. படத்துக்கு அடியில் ஒரு வரி: "முழு செட் 300 டொலர். பெடியனுக்குச் சரிவருமோ?"

உடனே பதில்கள் விழும். "நல்ல விலை, விடாதேங்கோ." "முதல் வருஷத்துக்கு இது காணும்." "பழகினாப் பிறகு நல்லதா வாங்கலாம்." ஸ்காபரோவில் இருபது குளிர்காலம் கழித்தவர்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. ஸ்நோபோர்டில் ஒருநாளும் ஏறாதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. நான் மட்டும் "வேண்டாம்" என்று எழுதுவேன். அதற்குப் பிறகு குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்த "வேண்டாம்" எதனால் என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் சொல்வது முட்டாள்தனம் அல்ல. பிள்ளை இரண்டு தரம் போய்விட்டுக் குளிருது, கால் நோகுது என்று விட்டுவிடலாம். ஹொக்கிக்கு வாங்கிய சாமான்கள் பேஸ்மன்டில் கிடந்து மணக்கிற வீடுகள் எத்தனை! ஆகவே முதலில் குறைந்த செலவில் ஒரு முழு செட். பிள்ளை தொடர்ந்தால் பிறகு பார்க்கலாம். இது ஒரு கட்சி. இன்னொரு கட்சி இருக்கிறது. "வாங்குறதெண்டா ஒரேயடியா நல்லதை வாங்கு. இப்ப ஒண்டு, ரெண்டு வருஷத்தில இன்னொண்டு எண்டு ஏன் ரெண்டு செலவு?" என்று சொல்கிற கட்சி. இரண்டு கட்சிக்கும் சண்டை நடக்கும். எனக்குப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: ஸ்நோபோர்ட் சாமான் என்றால் பலகை, மிச்சமெல்லாம் அதோடு ஒட்டி வருபவை என்று நினைக்கிறார்கள்.

என் முதல் வருடமும் அப்படித்தான். ஒரு வாகனத் தரிப்பிடத்தில், காரின் டிக்கியைத் திறந்து காட்டியவரிடம் 280 டொலருக்கு முழு செட் வாங்கினேன். பலகை 162 சென்ரிமீற்றர். அப்போது என் எடை 63 கிலோ. பூட்ஸ் 11ஆம் அளவு. என் சப்பாத்து 9. "ரெண்டு சொக்ஸ் போடுங்கோ, சரியாயிடும்" என்றார் விற்றவர். போட்டேன். ஏர்ள் பேல்ஸ் பூங்காவில் நகரசபை நடத்துகிற சின்ன மலையில், எட்டு வயதுப் பிள்ளைகள் சிட்டுக்குருவிகள் மாதிரி என்னைக் கடந்து போக, நான் அந்தப் பலகையைத் திருப்ப முடியாமல் வேலி வரைக்கும் போய்க்கொண்டிருந்தேன். பூட்ஸுக்குள் குதிக்கால் மேலே எழும்பும், பிறகு கீழே விழும், அதற்குப் பிறகுதான் பலகைக்குச் செய்தி போகும். அதற்குள் பலகை வேறு திசையில் போயிருக்கும். மூன்றாம் நாள் முன்னங்காலில் நீலம் பாரித்திருந்தது. எனக்கு வயசாகிவிட்டது, இது இளசுகளின் விளையாட்டு என்று முடிவுகட்டினேன். நாலாம் நாள் பூட்ஸை மட்டும் வாடகைக்கு எடுத்தேன். சரியான அளவு. அதே பலகை, அதே மலை. மதியத்துக்குள் இரண்டு பக்கமும் திரும்பினேன்.

ஸ்நோபோர்ட் திரும்புவது கணுக்காலில் தொடங்குகிறது. விரல்களை அழுத்தினால் பலகையின் முன் எட்ஜ், அதாவது முன்பக்க இரும்பு விளிம்பு, பனியைக் கடிக்கும். குதிக்காலை அழுத்தினால் பின் எட்ஜ். இடையில் பூட்ஸ் தளர்வாக இருந்தால் அந்த அழுத்தம் வெற்றிடத்தில் போய்விடும். இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இது இருக்கிறது. 1965 கிறிஸ்மஸ் அன்று மிச்சிகனின் மஸ்கீகனில் ஷேர்மன் பொப்பன் தன் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துச் செய்த 'ஸ்னேர்ஃபர்' பலகையில் காலைக் கட்ட எதுவும் கிடையாது, முன்னால் ஒரு கயிறு மட்டும். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னேர்ஃபர் போட்டிக்கு, பர்ட்டன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜேக் பர்ட்டன், தான் செய்த பலகையோடு போனார். அதில் காலைப் பிடித்துவைக்கிற வார் இருந்தது. இது வேறு சாமான் என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அவருக்கென்று தனிப் பிரிவு ஒன்றை வைத்தார்கள், அதில் அவர் ஒருவர்தான். கால் பலகையோடு சேர்ந்ததும் அது வேறு விளையாட்டாகிவிட்டது என்று எதிர்த்தவர்களுக்கே தெரிந்திருந்தது. நாங்கள்தான் இன்னும் பலகையின் படத்தைப் பார்த்து விலை பேசுகிறோம்.

போன வருடம் அக்காவின் மகனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பதினெட்டு வயது, வளர்த்தி நின்றுவிட்டது, பகுதிநேர வேலைக் காசு 500 டொலர் கையில். அவன் கண் நேரே பலகைச் சுவருக்குப் போனது. நான் அவனை வாங்கில் இருத்தினேன். அங்கே வேலைசெய்த பெண் அவன் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, உலோக அளவுத்தட்டில் நிற்கவைத்தாள். அவன் ஓடுகிற சப்பாத்து 9.5. தட்டு காட்டியது 26.5 சென்ரிமீற்றர், அதாவது பூட்ஸில் 8.5. ஸ்நோபோர்ட் பூட்ஸின் உள்ளே அந்தச் சென்ரிமீற்றர் இலக்கம் அச்சிட்டிருக்கும். மற்ற இலக்கங்களை விட அதை நம்பலாம். காலில் ஏற்றினான்.

"மாமா, விரல் முட்டுது. ஒரு சைஸ் கூட எடுப்பம்."

அவள் சிரித்துவிட்டு, முழங்காலை மடிக்கச் சொன்னாள். மடித்தான். விரல் பின்வாங்கியது. நேரே நிற்கும்போது பெருவிரல் நுனி இலேசாகத் தொட வேண்டும், மடித்தால் விலக வேண்டும். பிறகு விரல் நுனியில் எழும்பி நிற்கச் சொல்லி, குனிந்து அவன் குதிக்கால் இருக்கும் இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குதிக்கால் அசையவில்லை. அதற்குப் பிறகும் கழற்றவிடவில்லை, பதினைந்து நிமிடம் கடைக்குள் நடக்கவிட்டாள். உள்பஞ்சு சில நாட்களில் அமுங்கி இடம் விடும், கடையில் வசதியாக இருக்கிற பூட்ஸ் பெப்ரவரியில் தொளதொளக்கும் என்றாள். ஒரே ஒரு மெல்லிய சொக்ஸ், இரண்டு போட்டால் சுருக்கம் விழுந்து அங்கேதான் நோகும், வியர்வை தங்கி அங்கேதான் குளிரும். இரண்டு வருடம் பழைய மாதிரி, நாடாவுக்குப் பதில் திருகு வைத்தது, 165 டொலர். அவனுடைய 500இல் மூன்றில் ஒன்று, வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு சாமானுக்குப் போய்விட்டது. அவன் முகத்தில் ஒரு வாட்டம்.

"பூட்ஸும் பாவிச்சது வாங்கலாம்தானே?" என்று கேட்பார்கள். ஒரு பருவம் போட்டதை, அளவு சரியென்றால், காலில் ஏற்றிப் பார்த்து வாங்கலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற பூட்ஸ் இன்னொருவருடைய கால் அமுக்கிய பஞ்சு. அது அவர் காலின் அச்சு. பத்துப் பன்னிரண்டு வருடம் பேஸ்மன்டில் கிடந்திருந்தால் அடிப்பாகத்தின் பசையும் போயிருக்கும். முதல் நாளே அடி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

வளருகிற பிள்ளைக்கு? எங்கள் ஆட்கள் பள்ளிச் சப்பாத்து வாங்குகிற மாதிரி இரண்டு அளவு கூட்டி வாங்கி, முன்னுக்குப் பஞ்சு அடைக்கப் பார்க்கிறார்கள். அதுவும் முழு செட் மோகத்தின் இன்னொரு முகம்தான். பிள்ளைக்கு வாங்கவே வேண்டாம். இங்கே பல கடைகள் இலையுதிர் காலத்தில் கொடுத்து, பனி முடிந்ததும் திருப்பி வாங்குகிற பருவ வாடகை வைத்திருக்கின்றன. என் மகளுக்கு நான் கொடுத்தது 220 டொலர். பலகை, பைண்டிங், பூட்ஸ் மூன்றும். கால் வளர்ந்தால் நடுவிலும் மாற்றித் தந்தார்கள். வாடகைக் காசு கரியான காசு என்று சொல்லுகிறவர்கள் ஒரு கணக்கை விடுகிறார்கள்: 300 டொலர் செட்டை அடுத்த வருடம் விற்கப்போனால் கேட்பார் இல்லை. அளவில்லாத பூட்ஸ் இருக்கிற செட்டை இன்னொரு தகப்பனுக்கு அளவில்லாத பூட்ஸாகவே தள்ள வேண்டும்.

சரி, பலகை. இங்கேதான் சிக்கனத்துக்கு இடம் இருக்கிறது, இங்கேதான் ஒருவரும் சிக்கனம் பார்ப்பதில்லை. போன வருட மாதிரிக்கும் இந்த வருட மாதிரிக்கும் பெரும்பாலும் மேலே உள்ள படம்தான் வேறு. மார்ச் கடைசியில் கடைகள் இடம் காலிசெய்யும்போது, அல்லது அக்டோபர், நவம்பரில் பாடசாலை மண்டபங்களில் நடக்கிற பாவித்த சாமான் சந்தைகளில், நல்ல பலகை பாதி விலைக்குப் போகும். அடித்தளத்தில் இரண்டு வகை உண்டு. உருக்கி வார்த்தது மலிவு, மெதுவு, கீறல் பட்டால் வீட்டிலேயே அடைக்கலாம். பொடியாக்கி அழுத்திச் செய்தது விலை, மெழுகைக் குடித்து வேகமாக ஓடும். விற்பனைத்தாளில் இரண்டாவதைப் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் மெழுகே பூசாமல் இரண்டு மாதம் ஓட்டினால் அந்த விலைகூடிய அடித்தளம் மலிவானதை விட மோசமாக ஒட்டிக்கொள்ளும். ஒழுங்காக மெழுகு பூசாத வீட்டுக்கு மலிவானதுதான் நல்லது.

நாடியளவு என்கிற பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: பலகையை நிமிர்த்தினால் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நிற்க வேண்டுமாம். கேட்க எளிது. ஆனால் பலகை வளைவது எடையினால். 170 சென்ரிமீற்றர் உயரத்தில் 58 கிலோ ஆளும் உண்டு, 90 கிலோ ஆளும் உண்டு. இருவருக்கும் ஒரே பலகை என்றால் ஒருவருக்கு அது இரும்புத் தகடு, மற்றவருக்கு வாழைமட்டை. ஒவ்வொரு அளவுக்கும் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்று செய்தவர்களே அட்டவணை கொடுக்கிறார்கள். அதைப் பார்க்க ஒரு நிமிடம். அகலத்தையும் பாருங்கள்: பூட்ஸ் 11, 12 என்றால் சாதாரண பலகையில் விரலும் குதியும் வெளியே நீட்டி, திரும்பும்போது பனியில் உரசி ஆளைத் தூக்கிப்போடும். பூட்ஸை முதலில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். பூட்ஸின் அளவு தெரியாமல் பலகையின் அகலம் எப்படித் தெரியும்?

"ஒரேயடியா நல்லதை வாங்கு" கட்சியிடம் வருகிறேன். இளசுகளில் பலர் இந்தக் கட்சி. ரெஜைனாவின் சமவெளியில் வளர்ந்து 2014, 2018, 2022 மூன்று ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கிய மார்க் மக்மொரிஸ் போன்றவர்களின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தரத்துப் பலகைதான் வேண்டும் என்பார்கள். இதில் வளர இடம் இருக்கும் என்பது வாதம். விறைப்பான பலகையை வளைக்க வேகம் வேண்டும், பலம் வேண்டும், தயங்காத மனம் வேண்டும். தொடக்கக்காரரிடம் மூன்றும் இல்லை. மெதுவாகப் போகும்போது அது வளையாது; வளையாவிட்டால் திரும்பாது; கீழ்ப்பக்க எட்ஜ் பனியில் மாட்டியதும், எச்சரிக்கையே இல்லாமல், பிடரி அடிபட விழுவார். இரண்டாம் தரமும் அப்படி விழுந்தவர் மெதுவாகப் பழகமாட்டார், பயந்துதான் பழகுவார். வளர இடம் விட்டு வாங்கிய பலகை வளரவே விடாது. விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணில் போடுவார்கள், ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 5 அல்ல. இருந்தாலும் தொடக்கத்துக்கு மூன்று நாலு, இரண்டு மூன்று வருடம் பழகியவருக்கு ஐந்தை ஒட்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கே உரியது. இணையத்தில் பலகையைப் புகழ்கிறவர்களில் பாதிப்பேர் மேற்கு மலைகளில் இருக்கிறார்கள். விஸ்லரில் பிளக்கொம் மலை 1,609 மீற்றர் இறங்குகிறது. கொலிங்வுட் பக்கத்துப் புளூ மவுண்டன் ஒன்ராறியோவில் பேர்போனது, அது 219 மீற்றர். மேற்கில் இடுப்பளவு தூள்பனி. இங்கே இரவில் இயந்திரம் ஊதிய பனி, காலையில் கண்ணாடி. தொடக்கக்காரருக்கு நடுவில் கீழ்நோக்கி வளைந்த வாழைப்பழப் பலகைதான் நல்லது, எட்ஜ் மாட்டாது என்று அங்கிருந்து ஒரு ஆலோசனை வருகிறது. மாட்டாது, உண்மை. இந்தக் கண்ணாடியில் பிடிக்கவும் மாட்டாது. காலுக்கடியில் நிமிர்வும் நுனிகளில் தூக்கலும் உள்ள கலப்பு வகை இங்கே கைகொடுக்கும். எந்தப் பலகையானாலும் எட்ஜ் கூராக இருக்க வேண்டும்.

இடைநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. ரெண்டு வருஷம் ஓடிட்டன், இந்தப் பலகை இனிக் காணாது என்று ஒருவர் வந்தால், முதலில் எட்ஜைத் தீட்டி மெழுகு பூசிக்கொண்டு வரச் சொல்வேன். ஐம்பது அறுபது டொலர். பலருக்கு அதோடு புதிய பலகை கிடைத்துவிடுகிறது. இன்னும் போதாவிட்டால் பைண்டிங்கை மாற்றலாம். அதில் வாரின் பல்லும் திருகும் தேய்ந்திருந்தால் வேகத்தில் வார் நழுவும். பாவித்ததாகத் தனியாக வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: பர்ட்டன் நிறுவனத்தின் இ.எஸ்.டி. வகை பைண்டிங் நடுவில் நீளப் பள்ளம் உள்ள பலகையில் மட்டும்தான் பூட்டும், நாலு நாலு துளை உள்ளதில் பூட்டாது. காலை வைத்தால் தானே கவ்விக்கொள்கிற ஸ்டெப் ஒன் பைண்டிங்குக்கு அதற்கேயுரிய பூட்ஸ் வேண்டும். மலிவாகக் கிடைத்ததே என்று ஒன்றை வாங்கி, மற்றதைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நிற்கும் கோணத்தை மாற்றுவதற்கோ ஒரு திருப்புளி போதும், செலவில்லை. அதைத் தொடாமலே புதுப் பலகை கேட்கிறார்கள்.

அந்த நவம்பர்ப் படத்தில் இல்லாத இரண்டு சாமான்களுக்கு வருகிறேன். "முழு" செட் என்று போட்டிருக்கும், அவை இருக்காது. ஒன்று ஹெல்மெட். அது மட்டும் புதிதாக இருக்க வேண்டும்: உள்ளே இருக்கிற நுரை ஒரு பெரிய அடியை வாங்கி நொறுங்கத்தான் செய்தது, ஏற்கெனவே நொறுங்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. நோவா ஸ்கோஷியா 2012இல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. மற்றது மணிக்கட்டுக் காப்பு. இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டியிருக்கும், கையில் கோலும் இல்லை. விழுகிறவர் கையைத்தான் ஊன்றுவார். தொடக்கக்காரருக்கு அதிகம் முறிவது மணிக்கட்டுத்தான். நோர்வேயின் ஹாஃப்யெல் மலையில் 5,029 ஸ்நோபோர்ட்காரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மணிக்கட்டுக் காப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வெளிவந்தது. காப்பு இல்லாத பக்கம் 29 மணிக்கட்டுக் காயம், காப்புப் போட்ட பக்கம் 8. இந்த விளையாட்டில் இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பயன் தருகிற சாமான் எனக்குத் தெரிய வேறில்லை. 40 டொலர் வரும். பெடியள் அதைப் போட வெட்கப்படுகிறார்கள். தகப்பன்மார் அது ஸ்கேட்டிங் பழகுகிற சின்னப்பிள்ளைகளுக்கு என்கிறார்கள். மாவுக்கட்டோடு மூன்று கிழமை வேலைக்குப் போகாமல் இருந்த ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம், அது என்ன செலவு என்று. அந்த ஒருவர் நான்தான்.

உடுப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பருத்த கோட்டும் வேண்டாம், அதற்குள் வேர்த்து வேர்த்தே குளிரும். தண்ணீர் புகாத காற்சட்டை ஒன்று மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும், மிச்சம் வீட்டில் இருக்கிறதே.

இவ்வளவும் சொன்ன பிறகு குழுவில் ஒருவர் எழுதினார்: "என்னதான் சொன்னாலும் இது காசுக்காரரின் விளையாட்டு." இதை முழுக்க மறுக்க என்னால் முடியாது. பெரிய மலைகளில் வார இறுதிக்கு ஒரு குடும்பம் ஏறி இறங்குகிற சீட்டுக்குக் கொடுக்கிற காசில், நான் மேலே சொன்ன அத்தனை சிக்கனமும் ஒரே நாளில் கரைந்துவிடும். அதற்கு மருந்து சாமானில் இல்லை. முதல் இரண்டு வருடம் நகரத்துக்குள் இருக்கிற சின்ன மலையில், கிழமை நாள் இரவில் ஓடலாம். தொடக்கக்காரர் ஒரு இரவில் கற்பதற்கு அந்த மலை தாராளம். அக்காவின் மகனும் அங்கேதான் பழகினான். பூட்ஸ் 165, ஹெல்மெட் 85, காப்பு 40. மிச்சம் 210இல் மூன்று வருடம் பழைய பலகையும் பைண்டிங்கும், நாலு நாலு துளை உள்ளதாகப் பார்த்து, அவனே தேடிப் பிடித்தான். மேலே இருக்கிற படம் படு கேவலம், ஊதா நிற டைனோசர். பெப்ரவரியில் அவன் அந்த டைனோசரோடு என்னைக் கடந்து போனான், திரும்பியும் பார்க்கவில்லை.

போன கிழமை மறுபடியும் ஒரு படம். இந்த முறை பலகை மட்டும், 157, 120 டொலர். "நீர் சொன்ன மாதிரி எடை அட்டவணையும் பாத்திட்டன், சரிவருது" என்று அத்தான் எழுதியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றி. கீழ்ப்பக்கத்தையும் எட்ஜையும் கிட்ட வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பின் பைண்டிங் வருகிற இடத்துக்கு நேரே எட்ஜ் இரும்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதைச் சுற்றித் துரு, பக்கத்தில் அடித்தளம் கொஞ்சம் உப்பியிருந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது. "வேண்டாம்" என்று எழுதினேன்.

"இவருக்கு எப்பவும் வேண்டாம்தான்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு ஆறு பேர் கைதட்டியிருந்தார்கள்.